உமரி, பாகவி, டி சூசா: தோல் வட்டாரத்தில் குடும்பப்பெயரைத் தேடி

ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் பொதுமக்களுக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. ஒரு குடும்பப்பெயரைக் கொடுத்தால், அது நாட்டில் எத்தனை பேருக்கு முதல் குடும்பப்பெயர், எத்தனை பேருக்கு இரண்டாவது, எத்தனை பேருக்கு இரண்டுமே அதுதான் என்று எண்ணிக்கை வரும். எந்த மாகாணத்தில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்கும் கிடைக்கும். அங்கே ஒவ்வொருவருக்கும் தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் ஒன்றுமாக இரண்டு குடும்பப்பெயர்கள். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. கார்சியா என்பதை முதல் குடும்பப்பெயராகக் கொண்டவர்கள் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். நாடு முழுவதும் இருபது பேருக்குக் குறைவாக இருக்கும் பெயரைப் பட்டியலில் வெளியிட மாட்டார்கள். அவ்வளவு அரிய பெயர் என்றால், எண்ணிக்கையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

இதே கேள்வியை ஆம்பூரில் கேட்டால் விடை இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஆம்பூர் நகராட்சியில் 1,14,608 பேர், வாணியம்பாடியில் 95,061 பேர். ஆண், பெண், வயது, மதம், தாய்மொழி, எழுத்தறிவு, வேலை என்று பலவற்றுக்கும் அட்டவணை உண்டு. குடும்பப்பெயருக்கு மட்டும் கிடையாது. கணக்கெடுக்க வருபவர் பெயரை எழுதிக்கொள்கிறார். எழுதிய பெயர்களை யாரும் எண்ணுவதில்லை. எண்ண நினைத்தாலும் எதை எண்ணுவது என்ற சிக்கல் உடனே வந்துவிடும். இங்கே பெயருக்கு முன்னால் இருப்பது ஓர் இனிஷியல், சில சமயம் இரண்டு, மூன்று. அந்த எழுத்து அப்பா பெயராக இருக்கலாம், ஊர்ப் பெயராக இருக்கலாம், வீட்டுப் பெயராகவும் இருக்கலாம்.

ஆனாலும் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்துக்குக் குடும்பப்பெயர் வரலாறு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே ஓர் ஐபீரியக் குடும்பப்பெயர் நிற்கிறது.

சென்னை மாகாணத்தில் நவீனத் தோல் பதனிடுதலின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் சார்லஸ் டி சூசா என்ற யூரேசியரிடமிருந்து தொடங்குகிறார்கள். காலம் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி முடியும் சமயம். அவருடைய பூர்வீகத்தைப் பாண்டிச்சேரியோடும் மொரீசியஸோடும் சேர்த்துச் சொல்வது வழக்கம். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டு, கடைசியில் கடுக்காய் நீரில் முக்கி எடுக்கும் ஒழுங்கான முறை அவரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இந்த வட்டாரம் அடங்கிய பழைய வட ஆற்காட்டில் ஆவாரஞ்செடிக்குப் பஞ்சமே இல்லை. கரடான மேட்டு நிலத்தில் தானாக முளைத்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். அதன் பட்டையில் பதப்பட்ட தோல் இளம் மஞ்சளாகவும் மென்மையாகவும் இருந்தது. லண்டன் சந்தையில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் அந்தப் பாதை மேற்கே நீண்டு ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்குப் போனது. தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் கூடங்கள் அந்தப் பாதையை ஒட்டியே பெருகின.

சரி, டி சூசா என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

போர்த்துக்கலின் வடக்கே, தோரு நதியில் கலக்கும் சிற்றாறு ஒன்றின் பெயர் சௌசா. அதன் கரையில் நிலம் வைத்திருந்த ஒரு பிரபுக் குலம் ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் அந்தக் குலத்தில் ஆண் வாரிசு அற்றுப்போனது. அப்போது மூன்றாம் அஃபோன்சு மன்னருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன்கள் இருவர் அந்தக் குலத்து வாரிசுப் பெண்களை மணந்தார்கள். சௌசா என்ற பெயர் அப்படித்தான் பிழைத்தது. குடும்பப்பெயர்களை ரத்தத்தின் நேர்கோடாக நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். மிகப் பழைய சௌசாக்களிலேயே பெயர் பெண் வழியாகத்தான் தாண்டி வந்திருக்கிறது.

ஸ்பெயினில் இதே பெயருக்கு சோசா என்ற வடிவம். போர்த்துக்கீசியர் பலர் குடியேறிய கேனரித் தீவுகளில் அது நன்றாக வேரூன்றியது. பிரேசிலில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் சௌசாவும் ஒன்று. இந்தியாவுக்கு அது பெரிய ஆளின் பெயராகவே வந்தது. 1542 மே மாதம் கோவாவில் ஆளுநராக வந்து இறங்கியவர் மார்த்திம் அஃபோன்சு டி சௌசா. அவரோடு அதே பயணத்தில் வந்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அந்த ஆண்டே சவேரியார் தெற்கே முத்துக்குளித்துறைக்குப் போனார். அங்கே பரதவர்கள் 1530களிலேயே கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். பெர்னாண்டோ, கோஸ்டா, வாஸ், மிராண்டா போன்ற பெயர்கள் தூத்துக்குடிக் கரையில் தங்கிப்போன கதை அதுதான். ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரின் பெயர், ஞானத்தந்தையின் பெயர், போர்த்துக்கீசியத் தளபதியின் பெயர் என்று பலவும் புதுக் கிறிஸ்தவர்களின் குடும்பப்பெயர்களாயின. கோவாவிலும் மங்களூரிலும் டிசூசாக்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதற்கும் இதுவே காரணம். அவர்களுக்கும் சௌசா ஆற்றங்கரைக்கும் ரத்த உறவு தேடுவது வீண்.

பாண்டிச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர்களின் கீழ், தொப்பி அணிந்ததால் தோப்பாசி எனப்பட்ட ஒரு கூட்டம் இருந்தது. போர்த்துக்கீசியப் பெயரும் கலப்பு மரபும் கொண்டவர்கள். சார்லஸ் டி சூசாவின் பெயரைத் தனியாக எடுத்து எழுத்தை மட்டும் பார்த்தால் இத்தாலியில் சூசா என்றே ஓர் ஊர் உண்டு. அதைக் காட்டி ஒருவர் அவரை இத்தாலியர் ஆக்கிவிடலாம். அரிய குடும்பப்பெயர் ஆராய்ச்சியில் எல்லோரையும் தடுமாற வைக்கும் பள்ளம் இது. முன்னால் ஒட்டிய 'டி', யூரேசியர் என்ற குறிப்பு, பாண்டிச்சேரித் தொடர்பு ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தால், இது போர்த்துக்கீசிய சௌசா, பிரெஞ்சு அல்லது ஆங்கில எழுத்தர் கையில் சுருங்கிய வடிவம் என்று கொள்வதே பொருத்தம்.

டி சூசாவின் முறை வட்டாரம் முழுக்கப் பரவியது. தொழில் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்களின் கைக்கு வந்தது. தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். வணிகக் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர்கள் உண்டு. ஆனால் அவை இனிஷியலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். ஃபரீதா குழுமத்தின் ரஃபீக் அகமதுவுக்கு 2011இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அரசுப் பட்டியலில் மெக்கா ரஃபீக் அகமது என்று முழுதாக வந்தது. பல இடங்களில் எம். என்ற ஓர் எழுத்தாக நிற்பதும் இந்த மெக்காதான். வெளியூர்க்காரர் அந்த 'எம்'மை முகம்மது என்று விரித்துப் படித்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

காகா என்பது இன்னொரு வீட்டுப் பெயர். ஆம்பூர் வணிகர் காகா முகம்மது உமர் 1924இல் ஊருக்குப் பக்கத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் என்ற அரபுக் கல்லூரியை நிறுவினார். அந்த இடம் அவர் பெயரால் உமராபாத் ஆனது. காகா என்ற வீட்டுப் பெயர் அவருடைய குடும்பத்தில் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் தொடர்ந்தது. இதுவரை எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். அதற்குப் பிறகு நடந்தது குடும்பப்பெயர் ஆராய்ச்சியாளர்கள் எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

உமராபாத்தில் படித்துப் பட்டம் பெற்று வெளியே போனவர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் 'உமரி' என்று சேர்த்துக்கொண்டார்கள். ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் அமைப்புக்கு 2007 முதல் 2019 வரை அகில இந்தியத் தலைவராக இருந்த மௌலானா சையத் ஜலாலுத்தீன் உமரி, வட ஆற்காடு மாவட்டத்தில் 1935இல் பிறந்து உமராபாத்தில் படித்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியை வடக்கே கழித்து 2022இல் மறைந்தார். அங்கே அவரை எல்லோரும் உமரி என்றே அறிவார்கள். பத்திரிகைகள் அதைக் குடும்பப்பெயராகவே கையாண்டன. ஆம்பூர் வணிகர் ஒருவரின் சொந்தப் பெயர் முதலில் ஊராகி, ஊரிலிருந்து கல்லூரியின் அடையாளமாகி, அங்கிருந்து ரத்த சம்பந்தமே இல்லாத அறிஞர்களின் கடைசிப் பெயராகிவிட்டது.

வேலூரில் இதற்கும் மூத்த உதாரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஃலா ஹஜ்ரத் எனப்பட்ட மௌலானா அப்துல் வஹ்ஹாப் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் படித்தவர்கள் 'பாகவி'கள். தமிழ்நாட்டில் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளிலும் மீலாது விழா அழைப்பிதழ்களிலும் பாகவி என்ற பெயரைப் பார்க்காதவர் குறைவு. கேரளத்திலும் பாகவிகள் ஏராளம். ஸ்பானிய முறையில் எண்ணிக்கை எடுத்து ஊர்வாரியாக வண்ணம் தீட்டினால், பாகவி என்பது வேலூரிலிருந்து கிளைத்து மலபாரில் பெருகிய ஒரு பெரிய குலம் என்றே தோன்றும். உண்மையில் அது ஒரே திண்ணையில் பாடம் கேட்டவர்களின் வரிசை. டிசூசா எண்ணிக்கை எப்படி ஞானஸ்நானத்தின் பரவலைக் காட்டுகிறதோ, அதுபோலப் பாகவி எண்ணிக்கை கல்வியின் பரவலைக் காட்டும். இரண்டும் மதிப்புள்ள தகவல்தான், மக்கள்தொகைத் தகவல் என்று நினைத்துவிடாத வரை.

குடும்பப்பெயர்களைக் கணக்கில் வைத்து மேலை நாட்டவர் செய்த ஆராய்ச்சிகள் சாதாரணமானவை அல்ல. பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வியை பிரான்சிஸ் கால்டன் 1873இல் ஒரு பத்திரிகையில் புதிராகப் போட்டார். ஹென்றி வாட்சன் அதற்குக் கணித விடை தந்தார். ஒரு தகப்பனுக்குச் சராசரியாக ஓர் ஆண் வாரிசோ அதற்குக் குறைவோ என்றால், எவ்வளவு பெரிய குடும்பத்தின் பெயரும் என்றாவது ஒருநாள் அற்றுப்போகும். சராசரி ஒன்றுக்கு மேல் இருந்தாலும் ஆபத்து முழுதாக நீங்காது. அரிய பெயர்கள் அரியவையாக இருப்பதற்குப் பெரும் பகுதி காரணம் இந்தத் தற்செயல்தான். பெருமையோ சிறுமையோ அதில் இல்லை.

சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் 1875இல் இன்னொன்றைச் செய்தார். மணமகனும் மணமகளும் ஒரே குடும்பப்பெயர் கொண்ட திருமணங்களை எண்ணி, இங்கிலாந்தில் சொந்தத்துக்குள் நடக்கும் கல்யாணங்களின் விகிதத்தை மதிப்பிட்டார். 1965இல் குரோவும் மேஞ்சும் இதை முறையான மரபியல் சூத்திரமாக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர் உள்ள ஸ்பெயின் இந்த முறைக்கு மிக வாகான நாடு.

அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் பெண் கொடுத்து எடுப்பது வட ஆற்காட்டில் நெடுங்கால வழக்கம். அதை அளக்க ஜார்ஜ் டார்வினின் வழி இங்கே உதவாது. குடும்பப்பெயர் இல்லை, குலம் குறிக்கும் பெயர் இருந்திருந்தாலும் அத்தை மகளும் மாமன் மகனும் வேறு வேறு குலம்தான். அதனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். எஸ். ராவ், எஸ். ஜி. இன்பராஜ் ஆகியோர் தமிழ்நாட்டு உறவுமுறைத் திருமணங்களை ஆராய்ந்து 1970களில் வெளியிட்ட ஆய்வுகளுக்கு, கணவனுக்கு மனைவி என்ன உறவு என்று மக்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டியிருந்தது. உலகில் உறவுத் திருமண விகிதம் மிகுந்த பகுதிகளில் இதுவும் ஒன்று என்பது அந்த ஆய்வுகளால் உறுதியானது. ஆய்வாளர்கள் இருவரின் பெயர்களே இனிஷியல்களோடுதான் மருத்துவ இதழ்களில் நிற்கின்றன.

ஊரில் எண்ண முடியாதது கடல் கடந்தால் எண்ண முடிகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அது முதல் 1911 வரை 1,52,184 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் பெரும் பகுதி. கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். குடும்பப்பெயர் கேட்கும் வெள்ளைக்கார அலுவலகத்தில் அந்த வரியின் ஏதாவது ஒரு கட்டத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடைசிப் பெயராக்க வேண்டியிருந்தது. சாதிக் கட்டத்திலிருந்து எடுத்தவர்கள் கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும், முதலியார் 'மூட்லி' ஆகவும், நாயுடுவும் பிள்ளையும் படையாச்சியும் கொஞ்சம் எழுத்து மாறியும் அங்கே நிலைத்தார்கள். தந்தை பெயரை எடுத்தவர்களின் வழியில், இதேபோல் தமிழ்க் கூலிகள் போன ரீயூனியன் தீவில் 'விராபுல்லே' போன்ற பெயர்கள் வந்தன. மொரீசியஸ் குடியரசின் முதல் தலைவர் வீராசாமி ரிங்காடுவின் கடைசிப் பெயரும் இப்படி உறைந்துபோன ஒரு தமிழ்நாட்டு ஆள்பெயர் என்றே படுகிறது.

இதில் ஒரு காலமுரண் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. தமிழ்நாடு பெருமளவு விட்டுவிட்டது. அதற்கு முன்பே கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே பட்டங்களை, பெரும்பாலும் அவற்றின் பொருளே தெரியாமல், குடும்பப்பெயராகச் சுமக்கிறார்கள். ஆகவே வட ஆற்காட்டுச் சாதிப் பட்டங்களின் புள்ளிவிவரம் வேண்டுமென்றால் இன்று குவாசுலு-நேட்டாலின் தொலைபேசிப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும்.

நேட்டாலிலிருந்து திரும்பி வந்ததும் ஒன்று உண்டு. ஆவாரம்பட்டை போதாமல் போன காலத்தில் இந்தத் தோல் ஷாப்புகளுக்கு வந்து சேர்ந்த வாட்டில் மரப்பட்டை, நேட்டாலின் தோட்டங்களில் விளைந்தது.

குடும்பப்பெயர் பிறந்த தேதியைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய தமிழர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதை பாண்டிச்சேரியில், அதுவும் ஒரு தோல் பொருளிலிருந்து தொடங்குகிறது. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற இளம் வழக்கறிஞர் ஐரோப்பிய பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். வழக்கு பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் அவருக்குச் சாதகமாக முடிந்தது. பிறகு 1881 செப்டம்பர் 21 அன்று வந்த ஆணை, இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள் தமக்கும் தம் சந்ததிக்கும் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும் என்றது. பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார். மற்றவர்களும் பிரெஞ்சுப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். செருப்புக் காலோடு நீதிமன்றத்தில் நுழையும் உரிமைக்காகப் போராடியவருக்கு, அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக ஒரு புதுக் குடும்பப்பெயரும் கிடைத்தது.

இன்று ஆம்பூரில் ஷூ கம்பெனிகளின் பேருந்துகள் காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஏற்றி வருவது பெரும்பாலும் பெண்களை. இந்தத் தொழிலின் தையல் மேசைகள் அவர்கள் கையில்தான் ஓடுகின்றன. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவனின் இனிஷியல், பி.எஃப். கணக்கில் இனிஷியல் பெயருக்கு முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் என்று ஒரே பெண் மூன்று பெயர்களில் இருப்பது இங்கே சகஜம். பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது ஓர் எழுத்து பொருந்தாததால் அலைச்சல் தொடங்கும். ஸ்பானியப் பெண்ணின் இரண்டு பெயர்களும் சாகும்வரை மாறாதிருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போதுதான் உறைக்கும். இனிஷியல் முறை சாதியைப் பெயரிலிருந்து விலக்கியது. அது பெரிய காரியம், அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் கல்யாணத்தோடு எழுத்தை மாற்றும் பழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிக்க மறுத்தது. உள்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கியது. 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் அதை நிரப்பும் யோசனைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் எழுதுவது அப்பாவின் பெயரை. அவர்களில் யாராவது வெளிநாட்டிலேயே தங்கி, அங்கே பிள்ளை பெற்று, பிறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் பிள்ளைக்கும் இறங்கினால், ரீயூனியனில் நடந்தது மறுபடி நடக்கும்.

இந்த வட்டாரத்துக் குடும்பப்பெயர்களை எழுத நினைக்கும் ஆய்வாளருக்குப் பொருள் இல்லாமல் இல்லை. ஆம்பூர் ஜமாஅத்துகளின் நிக்காஹ் தஃப்தர்கள் எனும் திருமணப் பதிவேடுகள், வேலூர் வட்டாரத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் புத்தகங்கள், பாகியாத்திலும் உமராபாத்திலும் பட்டம் பெற்றோர் பட்டியல்கள், பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், நேட்டால் கப்பல் வரிசைகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்துப் படித்தால் இனிஷியல்களுக்குள் இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வரும். எந்த வீட்டில் 'எம்' என்பது மெக்கா, எந்த வீட்டில் முகம்மது, எந்த வீட்டில் மேல்விஷாரம் என்ற ஊர் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலும் வாணியம்பாடிக் கடைவீதியிலும் இன்னும் இருக்கிறார்கள். வேலையை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.